வனபோசனம்

வீட்டுக்கு வெளியே அடுப்பு மூட்டி, சுற்றத்தோடு கூடிச் சமைத்து உண்பதை நம் முன்னோர் வனபோசனம் என்றனர். கார்த்திகை மாதத்திலே நெல்லி மரத்தடியில் அவ்வாறு உண்பதைப் புண்ணியமாகக் கொள்ளும் வழக்கம் தென்னிந்தியாவில் இன்றும் உண்டு. அதனையே இக்காலத்து இளைஞர் 'பார்பிகியூ' என்று பெயரிட்டு, இரும்பு அடுப்பையும் பொதிகட்டிய கரியையும் விலைக்கு வாங்கி, மேனாட்டார் தந்த புதுமை போலக் கொண்டாடுகின்றனர். கரிகாற்சோழனின் விருந்தைப் பாடும் பொருநராற்றுப்படையிலே கம்பியிற் கோத்துச் சுட்ட ஊன் பேசப்படுகின்றது. தைப்பொங்கலன்று முற்றத்தில் கல் வைத்துப் பொங்குகின்றோமே, அதுவும் வானத்தின் கீழ் மூட்டும் அடுப்பே அன்றோ? ஆதலின் இது நமக்குப் புதியதன்று, நாம் மறந்துபோனது.

மறந்ததற்குக் காரணமும் உண்டு. நாம் வாழும் ஒருகொடவத்தையை எண்ணிப் பாருங்கள். ஒருபுறம் கொள்கலன் ஏற்றிய பாரவூர்திகள். மறுபுறம் 2021 இல் திறக்கப்பட்ட புதிய களனிப் பாலத்தின் மேம்பாதைகள். அப்பால் கொலன்னாவை எண்ணெய்க் குதங்கள். முற்றம் என்ற சொல்லைப் பிள்ளைகள் பாடநூலிலே மட்டும் காண்கின்றனர். தீ என்பது அவர்களுக்கு வாயு அடுப்பின் குமிழைத் திருப்பியதும் தோன்றும் நீல வளையம். விறகு எவ்வாறு பற்றுகின்றது, ஏன் அணைகின்றது என்பதைக் கண்ணால் காணாமலே, தகனத்துக்கு வேண்டிய நிபந்தனைகளை விஞ்ஞானப் பரீட்சையில் பிழையின்றி எழுதிவிடுகின்றனர்.

அண்மையில் ஒரு போயா விடுமுறைக் காலை. பிரத்தியேக வகுப்பு எதுவும் இல்லையென அறிந்ததும், "எங்கேயாவது போவோம், அப்பா" என்றனர் பிள்ளைகள். நீர்கொழும்புக்கு அப்பால் அன்பர் ஒருவருக்குச் சிறு தென்னந்தோட்டம் உண்டு. தொலைபேசியில் அவருடைய இசைவைப் பெற்றோம். அடுக்களையில் இருந்த வற்றாளங்கிழங்கு, சோளப்பொத்தி, கத்தரிக்காய், கோதுமை மா, வெங்காயம், பச்சைமிளகாய், தேசிக்காய், உப்பு ஆகியவற்றைக் கடகத்தில் இட்டு, எம் தாயாரையும் அழைத்துக்கொண்டு கட்டுநாயக்க அதிவேக வீதியால் புறப்பட்டோம். போயா நாளாகையால் இறைச்சிக் கடைகள் மூடியிருந்தன. எமக்கு அது குறையாகத் தோன்றவில்லை. முன்கூட்டியே திட்டமிட்டிருந்தால் இப்பயணம் நிகழ்ந்தே இராது. செலவுக் கணக்கும் வகுப்பு அட்டவணையும் ஒன்றன்பின் ஒன்றாகக் குறுக்கே வந்திருக்கும்.

தோட்டத்தில் விறகுக்குப் பஞ்சமில்லை. பன்னாடை, பாளை, மட்டை, பொச்சு, சிரட்டை என்று ஒரே மரம் தந்த விறகு வகைகளின் பெயர்களைப் பிள்ளைகள் அன்றே கற்றனர். மகள் ஒரு பெரிய மட்டையைக் கற்களின் நடுவே திணித்தாள். புகை வந்ததேயன்றித் தீ வரவில்லை. பன்னாடையைக் கீழே பரப்பி, காற்றுப் புக இடைவெளி விட்டுச் சிரட்டைகளை மேலே அடுக்கியதும் தீ பற்றிக்கொண்டது. சுவாலை அடங்கித் தணலாகும் வரை பொறுத்திருத்தல் அடுத்த பாடம். சுவாலையில் இட்ட சோளம் வெளியே கருகி உள்ளே பச்சையாய் நிற்கும். தணலின் வெப்பமோ சீராகப் பாயும். சாம்பலுள் புதைத்த கிழங்கு மாவாக வெந்தது. தோட்டக் காவலர் தந்த திருவலையில் தேங்காய் துருவி, ரொட்டி சுட்டோம். சுட்ட கத்தரிக்காயைத் தோலுரித்துப் பிசைந்து, வெங்காயமும் மிளகாயும் தேசிப்புளியும் தேங்காய்ப்பாலும் கூட்டிச் சம்பல் செய்தோம். வீட்டில் கத்தரிக்காயைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளும் எம் மகன், இரண்டாம் முறையும் கேட்டு வாங்கி உண்டான். கண்ணெரிய ஊதிச் சமைத்த உணவிலே குறைகாண மனம் வருவதில்லை.

எம் தாயார் மட்டும் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பம்மா, நீங்களும் இப்படி வெளியிலே சமைத்திருக்கிறீர்களா?" என்று பேத்தி கேட்டாள்.

"சமைத்தேன் பிள்ளை. மரத்தின் கீழே, இதே மாதிரி மூன்று கல் வைத்து. ஆனால் அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பிப் போக வழியில்லை" என்றார்.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது, பாடசாலை வளவிலும் கோயில் வீதியிலும் மழையில் நனைந்த விறகைக் கொண்டு மூட்டிய அடுப்புக்களைப் பற்றி அவர் சொல்லத் தொடங்கினார். அவ்வடுப்பின் கஞ்சியைக் குடித்தவர்களுள் நாமும் ஒருவர். எனினும் பேரப்பிள்ளைகளிடம் அவர் அதுவரை அதைச் சொன்னதில்லை. 2022 இல் எரிவாயு கிடையாமல், கொழும்பிலே அடுக்குமாடிகளில் வாழ்ந்தோரும் விறகு தேடி அலைந்ததைப் பிள்ளைகள் தம் பங்குக்கு நினைவுகூர்ந்தனர்.

கற்களும் மூன்றே, தீயும் ஒன்றே. விரும்பியபோது போகவும் விரும்பியபோது வீடு திரும்பவும் முடிந்தவர்க்கு அது விளையாட்டு. முடியாதவர்க்கு அதுவே அகதி வாழ்வு. இவ்வேறுபாட்டை எந்தப் பாடநூலும் எம் பிள்ளைகளுக்கு இவ்வளவு தெளிவாக உணர்த்தியிராது. தொலைக்காட்சியின் முன்னே வாய் திறவாத முதியோர், தணலின் முன்னே தாமாகவே பேசுகின்றனர். கை வேலையாக இருக்கும்போது கேட்பவர்க்கும் பொறுமை வருகின்றது.

இவ்வாறு செல்வோர் சில கடமைகளை மறத்தலாகாது. உரியவரின் இசைவின்றிப் பிறர் காணியில் தீ மூட்டலாகாது. தேசிய வனங்களிலும் ஒதுக்குக் காடுகளிலும் அதனைச் சட்டமே தடுக்கின்றது. நம் நாட்டுக் காட்டுத்தீ பெரும்பாலும் மனிதர் கையாலேயே மூள்வது. மணலிட்டு மூடிய தணல் அணைந்ததுபோல் தோன்றினும் உள்ளே நெடுநேரம் கனன்றிருக்கும். வெறுங்காலுடன் ஓடிவரும் குழந்தை அதன்மேல் மிதித்துவிடும். நீர் ஊற்றி, கிளறி, மீண்டும் நீர் ஊற்றி, வெப்பம் சிறிதும் இல்லையெனக் கண்ட பின்னரே புறப்படல் வேண்டும். மழை வந்ததென்று கரியடுப்பை அறைக்குள்ளோ வாகனத்துள்ளோ கொண்டுசெல்வது உயிருக்கு ஆபத்து. கரியிலிருந்து எழும் காபனோரொட்சைட்டு நச்சுவாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. தீச்சுட்ட இடத்தில் பற்பசை பூசாது, குழாயில் ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் பிடித்திருத்தல் வேண்டும்.

ஆண்டுதோறும் 12 போயா நாட்கள், சில ஆண்டுகளில் 13, நமக்கு விடுமுறையாகக் கிடைக்கின்றன. அவற்றுள் ஒன்றையேனும் ஒரு கடகமும் தீப்பெட்டியுமாகக் கழித்துப் பாருங்கள். தோட்டம் கிட்டாதவர் மொட்டைமாடியில் ஒரு மண்சட்டித் தணலோடு அமர்ந்தாலும் போதும். வீட்டிலுள்ள முதியவரை மட்டும் விட்டுவிட்டுச் செல்லாதீர்கள். அடுப்பருகே முதல் இடம் அவருக்கே உரியது.