மெல்லிய நாடாவும் மூத்தோர் குரலும்



பழுதுபார்த்துப் புதுப்பிக்கப்பட்ட பழைய ரிப்பன் மைக் ஒன்றை நம் சபைக்கு வாங்கலாமா என்ற பேச்சு சில வாரங்களாக உங்களிடையே நடக்கிறது. நல்ல மைக் இருக்கும்போது பழையது எதற்கு என்கிறார்கள் சிலர். பழைய மைக்கில் பிரசங்கம் இனிமையாகக் கேட்குமே என்கிறார்கள் வேறு சிலர். என் கருத்து இதுதான்: பிரசங்க பீடத்துக்கு அது வேண்டாம், நம் மூத்தோரின் குரலைப் பதிவு செய்வதற்கென்றால் வேண்டும்.

அந்தக் கருவியினுள், காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே, சில மைக்ரான் தடிமனே உள்ள அலுமினிய நாடா ஒன்று தொங்குகிறது. அது தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. ஒலி அதை அசைக்கிறது. அந்த அசைவு மின்சாரமாகிறது. 1920களில் ஜெர்மனியில் ஷாட்கியும் கெர்லாக்கும் இதை உருவாக்கினார்கள். 1930களில் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனமும் இங்கிலாந்தின் பி.பி.சி.யும் இவ்வகை மைக்குகளை வானொலிக்குக் கொண்டுவந்தன. கூர்மையான குரலையும் உறுத்தாமல் ஏந்திக்கொள்வதே இதன் சிறப்பு.

ஆனால் மிக அருகில் நின்று பேசுபவரின் பலத்த மூச்சே அந்த நாடாவை நெகிழச் செய்துவிடலாம். முன்னும் பின்னும் ஒன்றுபோல் கேட்பதால், ஒலிபெருக்கிகளின் நடுவே அது எளிதில் ஊளையிடும். மிக்சரில் 48 வோல்ட் மின்சாரம் திறந்திருக்க, கம்பி இணைப்பில் பிழையும் இருந்தால் நாடா அறுந்தும் போகலாம். செஞ்சியின் மலைக்காற்றும் புழுதியும் அதற்கு ஆகாதவை.

அமைதியான அறையிலோ அதே இயல்பு நன்மையாகிறது. எதிரெதிரே அமர்ந்த இருவரின் குரலையும் அது சமமாக ஏற்கும். பக்கவாட்டிலிருந்து வரும் சத்தத்தை ஏறக்குறைய விட்டுவிடும். ஒருபுறம் ஒரு பாட்டியும் மறுபுறம் அவர் பேத்தியும் அமர்ந்து பேச, அதைவிட ஏற்றது எது?

தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1864இல் மறைந்தார். எடிசன் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டது 1877இல். பதின்மூன்று ஆண்டு இடைவெளியில் அவர் குரல் நமக்கு இல்லாமற்போயிற்று. அவருடைய பாடல்களின் சொற்கள் ஏட்டில் நின்றன. அவர் எங்கே நீட்டினார், எங்கே நிறுத்தினார் என்பது நின்றதா? அன்று கருவி இல்லை. இன்று அந்தச் சாக்கு நமக்கு இல்லை. நம் சபையின் மூத்த தாய்மார் பாடும் பழைய மெட்டுகள் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஒருவரை அடக்கம் செய்யும்போது சில மெட்டுகளையும் அவரோடு அடக்கம் செய்துவிடுகிறோம்.

பெருங்காற்றும் பூமியதிர்ச்சியும் நெருப்பும் கடந்த பின்னரே எலியா மெல்லிய குரலைக் கேட்டான். நம் கூட்டங்களில் சத்தத்துக்குக் குறைவில்லை, செவிகொடுப்பதற்கே குறைவு.

வாங்குவதானால் விழிப்போடு வாங்குவோம். 2025இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற கோட்டையின் நிழலில் வாழ்கிறவர்கள் நாம். மதிலைப் பழுதுபார்ப்பது வேறு, இடித்துப் புதிதாகக் கட்டுவது வேறு என்று நமக்குத் தெரியும். மைக்கிலும் நாடா மாற்றப்பட்டிருப்பது இயல்பே. காந்தம் வலுவோடு இருக்கிறதா, டிரான்ஸ்பார்மர் பழையதுதானா என்று கேட்க வேண்டும். பேசிப் பதிவு செய்து கேட்ட பின்பே பணம் கொடுக்க வேண்டும். அதன் மெல்லிய மின்னொலியை உயர்த்த நல்ல பெருக்கியும் தேவைப்படும். அந்தச் செலவையும் சேர்த்தே கணக்கிடுங்கள்.

ஒரு விதவையின் மருந்துச் செலவுக்கு எடுத்து வைத்த காணிக்கையிலிருந்து ஒரு ரூபாயும் இதற்குப் போகக்கூடாது. அக்கம்பக்கத்துச் சபைகளோடு சேர்ந்து வாங்கிப் பகிர்ந்துகொள்வதே எனக்கு நியாயமாகப் படுகிறது. கண்ணாடிப் பெட்டியில் அழகுப் பொருளாக வைப்பதற்கென்றால் வாங்கவே வேண்டாம்.

அன்பானவர்களே, மைக் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். எண்பது வயதைக் கடந்தோரின் பெயர்ப் பட்டியலை வாலிபர் சங்கத்தார் இந்த வாரமே எழுதட்டும். கையிலுள்ள கைபேசியோடு ஒரு வீட்டுக்குப் போங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். பாட்டியைப் பாடச் சொல்லிவிட்டு, நீங்கள் அமைதியாக இருங்கள். நல்ல கருவி பின்னால் வரலாம். அந்தக் குரல் காத்திருக்குமென்று யார் உறுதி சொல்ல முடியும்?

கர்த்தர் நமக்குக் கேட்கும் செவிகளைத் தருவாராக. ஆமென்.