கலப்பு ஃபண்டுகளை ஒப்பிடுவது எப்படி: சிறு முதலீட்டாளர்களுக்கான எங்கள் அமைப்பின் நிலைப்பாடு

"போன வருஷம் எது அதிகம் குடுத்துச்சு?" எங்கள் உதவி மேசைக்கு வருபவர்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியோடுதான் வந்து உட்காருகிறார்கள். பங்கு, கடன் பத்திரம், தங்கம் எல்லாம் ஒரே திட்டத்தில் சேர்ந்திருக்கும் கலப்பு மியூச்சுவல் ஃபண்டுகளை இந்தக் கேள்வியால் ஒப்பிடக் கூடாது என்பது எங்கள் நிலைப்பாடு. விற்பவர்களும் அப்படி ஒப்பிட்டுக் காட்டக் கூடாது. திட்டத்துக்குள் என்ன இருக்கிறது, சந்தை சரிந்தபோது அது எவ்வளவு சரிந்தது, நம் பணத்திலிருந்து ஆண்டுக்கு எத்தனை ரூபாய் கழிகிறது என்ற விவரங்கள் கையெழுத்து வாங்கும் முன் தமிழில், எழுத்தில் முதலீட்டாளர் கைக்கு வந்தாக வேண்டும்.

ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை ஒருவர் மஞ்சப்பையில் கணக்கு அறிக்கைகளோடு எங்களிடம் வந்தார். வங்கியில் முதிர்ந்த வைப்புத்தொகையை நான்கு ஃபண்டுகளில் பிரித்துப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். "டெபாசிட் மாதிரிதான் டீச்சர், கொஞ்சம் கூடுதலா வரும்" என்று சொன்னார்களாம். நான்கு ஃபண்டுகளின் மாதாந்திர ஃபேக்ட்ஷீட்டுகளையும் மேசையில் பரப்பி, ஒவ்வொன்றிலும் முதல் பத்து பங்குகளைப் பென்சிலால் கோடிட்டோம். அதே மூன்று பெரிய வங்கிகள் நான்கிலும் இருந்தன. நான்கில் இரண்டு, பணத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பங்குச் சந்தையில் வைக்கும் ரகம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நாலு கடைன்னு நெனச்சேன். சரக்கு ஒண்ணுதானா?"

அவர் ஏமாந்ததற்குப் பெயர்களும் ஒரு காரணம். 2017 அக்டோபர் 6 அன்று சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி வெளியிட்ட சுற்றறிக்கை, ஃபண்டுகளை வகைப்படுத்தி ஒவ்வொன்றுக்கும் வரம்பு வகுத்தது. கன்சர்வேட்டிவ் ஹைபிரிடில் பங்கு 10 முதல் 25 சதவீதம். அக்ரெசிவ் ஹைபிரிடில் 65 முதல் 80. மல்டி அசெட் என்றால் குறைந்தது மூன்று வகைச் சொத்துகள், ஒவ்வொன்றும் 10 சதவீதத்துக்குக் குறையாமல். நல்ல வேலை, வரவேற்கிறோம். ஆனால் மக்களிடம் அதிகம் விற்கப்படும் பேலன்ஸ்டு அட்வான்டேஜ் வகைக்கு மட்டும் பங்கின் அளவுக்கு வரம்பே வைக்கவில்லை. சூழலுக்கேற்ப மாற்றிக்கொள்வதுதான் அந்த வகையின் இலக்கணம். அதனால் ஒரே பெயர்ப் பலகையின் கீழ் ஒன்று அடக்கமாகவும் இன்னொன்று துணிச்சலாகவும் இருக்கிறது.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. உள்நாட்டுப் பங்குகளில் 65 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால்தான் ஃபண்டுக்குப் பங்கு சார்ந்த வரிச் சலுகை கிடைக்கும். அந்தக் கணக்குக்காகப் பங்குகளை வாங்கி, அதில் ஒரு பகுதிக்கு எதிராக ஃப்யூச்சர்ஸில் (எதிர்கால ஒப்பந்தங்களில்) விற்று வைக்கிறார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் 67 சதவீதம் பங்கு இருப்பதாகத் தெரியும். விற்று வைத்ததைக் கழித்தால் உண்மையில் சந்தையோடு ஏறி இறங்குவது 40 ஆகவும் இருக்கலாம், 60 ஆகவும் இருக்கலாம். ஃபேக்ட்ஷீட்டில் 'நிகர ஈக்விட்டி' என்று இருப்பது அந்த எண்தான். 40-ஐயும் 60-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது அதிகம் தந்தது என்று கேட்பது, மோட்டார் வண்டியையும் மாட்டு வண்டியையும் பந்தயம் விடுவது போன்றது.

ஓராண்டு வருமானம் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு நிஃப்டி 50 குறியீடே சாட்சி. 2019 மார்ச் இறுதியில் 11,624 புள்ளிகள். 2020 மார்ச் இறுதியில் 8,598. 2021 மார்ச் இறுதியில் 14,691. முதல் ஆண்டு 26 சதவீதம் இறக்கம். அடுத்த ஆண்டு ஏறத்தாழ 71 சதவீதம் ஏற்றம். 2021 ஏப்ரலில் அச்சடித்த விளம்பரத்தில் எந்தப் பங்கு ஃபண்டும் சூரப்புலியாகத்தான் தெரிந்திருக்கும். ஆகவே வருபவர்களிடம் ஒரு பயிற்சி செய்யச் சொல்கிறோம். நிஃப்டி 2020 ஜனவரி நடுவில் இருந்த உச்சத்திலிருந்து மார்ச் 23-க்குள் 38 சதவீதம் விழுந்தது. நீங்கள் யோசிக்கும் ஃபண்ட் அப்போது இருந்திருந்தால், அந்த இரண்டு நாட்களின் யூனிட் விலையை எடுத்துப் பாருங்கள். ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபியின் இணையதளத்தில் பழைய யூனிட் விலைகள் (என்.ஏ.வி.) கிடைக்கின்றன. உங்கள் பத்து லட்சம் அன்று எவ்வளவாக இருந்திருக்கும் என்று ரூபாயில் எழுதுங்கள். அந்த எண்ணைப் பார்த்துத் தூக்கம் வராது என்று தோன்றினால், அந்த ஃபண்ட் வேறு யாருக்கு நல்லதாக இருந்தாலும் உங்களுக்கு இல்லை.

மல்டி அசெட் ஃபண்டுகளைப் பற்றி இப்போது கூடுதலாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. 2025-இல் தங்கமும் வெள்ளியும் ஏறிய ஏற்றத்தில், அவற்றை அதிகம் வைத்திருந்த திட்டங்கள் பட்டியலில் மேலே வந்தன. அதில் எவ்வளவு மேனேஜரின் திறமை, எவ்வளவு தங்கத்தின் ஏற்றம் என்பதைப் பிரித்துக் காட்டாத ஒப்பீட்டை நாங்கள் ஏற்கவில்லை. ஒப்பீட்டுக்கு எடுக்கும் கலவைக் குறியீடும் ஃபண்டுக்கு ஃபண்ட் மாறுகிறது. நம் வீடுகளில் பீரோவுக்குள் ஏற்கனவே இருக்கும் தங்கத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். குடும்பச் சொத்தில் பாதி நகையாக இருப்பவருக்கு, தங்கம் நிறைந்த ஃபண்ட் பரவலாக்கம் ஆகாது.

கடன் பகுதி என்றாலே பாதுகாப்பானது என்று நினைப்பவர்களுக்கு 2020 ஏப்ரல் 23-ஐ நினைவூட்டுகிறோம். அன்று ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் தன் ஆறு கடன் திட்டங்களை மூடுவதாக அறிவித்தது. பணம் பிறகு தவணை தவணையாகத்தான் வந்தது. கலப்பு ஃபண்டின் கடன் பகுதியில் அரசுப் பத்திரம் எவ்வளவு, தரம் குறைந்த நிறுவனக் கடன் எவ்வளவு என்பதையும் பாருங்கள்.

இன்னும் பழைய காயம் ஒன்று உண்டு. 1964-இல் யூனிட் டிரஸ்ட் தொடங்கிய யூ.எஸ். 64 திட்டம்தான் இந்தியாவின் சாமானியக் குடும்பங்களுக்கு அறிமுகமான முதல் கலப்பு ஃபண்ட். அதன் விலையை உள்ளிருக்கும் சொத்தின் மதிப்பு தீர்மானிக்கவில்லை, நிர்வாகம் தீர்மானித்தது. 2001 ஜூலையில் யூனிட்டுகளைத் திரும்ப வாங்குவதையே நிறுத்திவைத்தார்கள். ஓய்வூதியப் பணம் முழுவதையும் அதில் வைத்திருந்தவர்கள் தவித்தார்கள். இன்று ஒவ்வொரு வேலை நாளும் என்.ஏ.வி. வெளியாகிறது, ஒவ்வொரு மாதமும் உள்ளிருப்புப் பட்டியல் வருகிறது. இந்த வெளிப்படைத்தன்மை அவ்வளவு அடிபட்ட பிறகு வந்தது. அதைத் திறந்து பார்க்காமல் நட்சத்திர மதிப்பீட்டை மட்டும் பார்த்துக் கையெழுத்திடுவது எங்களுக்கு வேதனையாக இருக்கிறது.

அடுத்து செலவு. 2013 ஜனவரி 1 முதல் ஒவ்வொரு ஃபண்டுக்கும் டைரக்ட் பிளான் உண்டு. ஒரே மேனேஜர், ஒரே பங்குகள். முதலீடு இருக்கும்வரை முகவருக்குத் தொடர்ந்து போகும் டிரெயில் கமிஷன் மட்டும் அதில் இல்லை. மாதம் 5,000 ரூபாய் எஸ்.ஐ.பி. (மாதத் தவணை முதலீடு) 20 ஆண்டுகள் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 11 சதவீதம் கிடைத்தால் சுமார் 43 லட்சம். செலவு ஒரு சதவீதம் கூடி 10 சதவீதம் கிடைத்தால் சுமார் 38 லட்சம். கட்டிய தொகை மொத்தமே 12 லட்சம்தான்; அதில் அந்த ஒரு சதவீதம் கொண்டுபோவது ஐந்து லட்சத்துக்கும் மேல்.

அதற்காக எல்லோரும் டைரக்டுக்கு ஓடுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. கணவர் இறந்தபின் யூனிட்டுகளைத் தன் பெயருக்கு மாற்ற அலைந்த பெண்களுக்கு, ஒவ்வொரு படிவத்தையும் நிரப்பி, கூடவே போய் முடித்துக் கொடுத்த முகவர்களைச் சிறு ஊர்களில் பார்த்திருக்கிறோம். சந்தை விழுந்த நாளில் "விக்காதீங்க" என்று ஒரு ஃபோன் செய்தவர்களும் உண்டு. அந்த உழைப்புக்குக் கூலி நியாயம். கூலி எவ்வளவு என்று கொடுப்பவருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். 2016 முதலே ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையில், உங்கள் முதலீட்டுக்காக முகவருக்குக் கொடுத்த தொகை ரூபாயிலேயே அச்சாகிறது. எங்களிடம் வருபவர்களில் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. மின்னஞ்சலில் கடவுச்சொல் போட்ட ஆங்கிலக் கோப்பாக வருவதை யார் திறந்து படிப்பார்கள்?

'மாதாமாதம் வருமானம்' என்று ஓய்வுபெற்றவர்களிடம் விற்கப்படும் டிவிடெண்ட் விருப்பத்துக்கு, மூலதனத்தையும் எடுத்துத் தருவது என்று பொருள்படும்படி 2021 ஏப்ரல் முதல் பெயர் மாற்றினார்கள். பழைய பெயரையே சொல்லி விற்பதை உடனே நிறுத்த வேண்டும்.

ஃபண்ட் நிறுவனங்களிடமும், வங்கிகளிடமும், செபியிடமும் நாங்கள் கேட்பது ஒரே ஒரு தாள். கலப்பு ஃபண்டை விற்கும்போது, அதே வகையிலுள்ள வேறு இரண்டு ஃபண்டுகளோடு பக்கத்தில் வைத்து, நிகர ஈக்விட்டி, கடன் பகுதியின் தரம், தங்கத்தின் அளவு, கண்ட பெரிய சரிவு, ஒரு லட்சத்துக்கு ஆண்டுச் செலவும் கமிஷனும் எத்தனை ரூபாய் என்று தமிழில் காட்டும் தாள். பேலன்ஸ்டு அட்வான்டேஜ் வகையில் நிகர ஈக்விட்டி கடந்த மூன்று ஆண்டுகளில் எதிலிருந்து எதுவரை போனது என்பதும் அதில் இருக்க வேண்டும். வைப்புத்தொகை முதிர்ந்த அன்றே, அதே மேசையில் கையெழுத்து வாங்கக் கூடாது. தாளை வீட்டுக்குக் கொண்டுபோய் படிக்க ஏழு நாள் கொடுக்க வேண்டும்.

எங்கள் அமைப்பு எந்த ஃபண்ட் நிறுவனத்திடமும் முகவரிடமும் பணமோ விளம்பரமோ வாங்குவதில்லை. எந்த ஃபண்ட் வாங்கலாம் என்று கேட்டால் பெயர் சொல்வதும் இல்லை. உங்கள் கணக்கு அறிக்கையையும் ஒரு பென்சிலையும் கொண்டு வாருங்கள், உட்கார்ந்து சேர்ந்தே படிப்போம்.