‘தமிழ்’ மூணு எழுத்துதானே... கணினி ஏன் 15 என்கிறது?

‘தமிழ்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து? ஒண்ணாம் கிளாஸ் பிள்ளையைக் கேட்டால் யோசிக்காமல் ‘மூணு’ என்று சொல்லிவிடும். லினக்ஸ் கணினியின் ஷெல்லைக் கேட்டால் 5 என்கும். சில நேரம் 15 என்கும். இதில் என்ன பெரிய விஷயம் என்கிறீர்களா? சான்றிதழிலும் எஸ்எம்எஸ்ஸிலும் உங்கள் பெயர் முழுசாக வருமா, பாதியில் அறுந்து வருமா என்பது இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

15 எப்படி வந்தது?

யூனிகோடில் புள்ளி, கொம்பு, கால் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் குறியீடு உண்டு. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ‘தமிழ்’ 5 குறியீடுகள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ஆக, 15. ஆங்கிலத்தில் ஓர் எழுத்து, ஒரு குறியீடு, ஒரு பைட். அதனால் ஆங்கிலப் பெயர்களை மட்டும் வைத்து டெஸ்ட் செய்பவருக்கு இந்தச் சிக்கல் கண்ணிலேயே படாது.

எங்கே உடைகிறது?

‘செல்வி’யின் முதல் மூன்றை எடு என்று பேஷ் ஷெல்லிடம் சொன்னால் ‘செல’ என்று தரும். புள்ளி போச்சு! பல லினக்ஸ் கணினிகளில் ‘கட்’ கட்டளை, எழுத்து என்று கேட்டாலும் பைட்டைத்தான் எண்ணும். ‘தமிழ்’ சொல்லில் 10 பைட் வெட்டினால் ‘தமி’யும், பக்கத்தில் ஒரு கேள்விக்குறிக் கட்டமும்தான் மிஞ்சும்.

அடுத்தது, “நான் ஓட்டினப்ப நல்லாத்தானே ஓடிச்சு” ரகம். அதே ஸ்கிரிப்ட்டை நள்ளிரவில் தானாக ஓடும்படி கிரானில் போட்டால், லோகேல் எனும் மொழி அமைப்பு பல சமயம் கூடவே வராது. பகலில் 5 என்று எண்ணிய வரி, இரவில் 15 என்று எண்ணும்.

மூன்றாவது, கண்ணை ஏமாற்றும் சிக்கல். ‘கோ’ என்பதை இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம்; ஓகாரக் குறியை இரட்டைக்கொம்பு, கால் எனப் பிரித்து மூன்றாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். ஷெல்லுக்கோ வேறு வேறு. பட்டியலில் ‘கோமதி’ இருந்தும் ‘அப்படி யாரும் இல்லை’ என்று பதில் வரும்.

என்ன செய்யலாம்?

ஸ்கிரிப்ட்டின் முதல் வரிகளிலேயே யூடிஎஃப்-8 லோகேலைச் சொல்லிவிடுங்கள். பெயர்களை ஒப்பிடும் முன் ‘யூகான்வ்’ போன்ற கருவியால் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். எழுத்தை எண்ண, ‘கிரெப்’ கட்டளையின் பெர்ல் முறையில் பின்சாய்கோடும் பெரிய எக்ஸும் போட்டுத் தேடுங்கள். ‘தமிழ்’ மூன்றாகவே வரும். ‘க்ஷ’வை மட்டும் அது இரண்டாக எண்ணும், கவனம்.

இவ்வளவு வழி இருந்தும், “எதுக்கு வம்பு, பேரை இங்கிலீஷ்லயே போட்டுடலாம்” என்கிற பேச்சு அலுவலகங்களில் சாதாரணம். அது தீர்வு இல்லை, தப்பித்தல். தமிழில் கோளாறு எதுவும் கிடையாது. ஓர் எழுத்து என்றால் ஒரு பைட் என்று நினைத்துக்கொண்டதில்தான் கோளாறு. அந்த நினைப்புக்கான விலையை, ஸ்கிரிப்ட் எழுதியவர் கொடுப்பதில்லை. பெயருக்கு உரியவர்தான் கொடுக்கிறார்.

அடுத்த முறை டெஸ்ட் செய்யும்போது செல்வி, கோமதி, லக்ஷ்மி என மூன்று பெயர்களைச் சேர்த்துப் பாருங்கள். ரெண்டு நிமிஷ வேலைதான்.