இந்த மாதம் டெக் எடுப்போம்



எண்பதுகளில் தமிழ்க் குடும்பங்களில் ‘டெக் எடுப்பது’ என்று ஒரு திருவிழா இருந்தது. கலர் டிவியும் வீடியோ டெக்கும் ஓர் இரவு வாடகைக்கு வரும், கூடவே இரண்டு மூன்று காசெட். ஒன்று ரஜினி. ஒன்று பாட்டிக்காகப் பக்திப் படம். மூன்றாவதை யார் சொல்லி எடுத்தார்கள் என்பது கடைசிவரை தெரியாது. அது ஓடும்போது வீடே பாயில் உருண்டு தூங்கிக்கொண்டிருக்கும். விடிந்ததும் கடைக்காரர் வந்துவிடுவார் என்பதால், பார்க்க ஆளில்லாவிட்டாலும் படத்தை நிறுத்த மாட்டார்கள். கொடுத்த காசு!

புனேத் தமிழர்களுக்கு இதில் இன்னொரு சிரமமும் இருந்தது. டெக் கிடைக்கும், தமிழ்ப் படம் கிடைக்க வேண்டுமே. ஊருக்குப் போய்த் திரும்புகிறவரின் பெட்டியில் முறுக்கோடும் கருவடாத்தோடும் காசெட்டும் வரும். இல்லையென்றால் தூர்தர்ஷன்தான் கதி. ஞாயிறு மதியம் மாநில மொழிப் படங்கள் முறைவைத்து வரும்போது, தமிழின் முறை வருகிறதா என்று செய்தித்தாளைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். பிறகு விசிடி வந்தது, டிவிடி வந்தது. மோசர் பேர் நிறுவனம் 28 ரூபாய்க்கு விசிடியும் 34 ரூபாய்க்கு டிவிடியும் விற்றபோது, வாடகைக் கடைகளின் கதை முடிந்தது. கொஞ்ச காலத்தில் மோசர் பேரின் கதையும் முடிந்தது.

இதையெல்லாம் இப்போது சொல்வதற்குக் காரணம், உங்களிடம் ஒரு சனிக்கிழமை இரவைக் கேட்கப் போவதுதான். குடும்பத்தோடு உட்கார்ந்து இரண்டு படங்களை அடுத்தடுத்துப் பாருங்கள். முதலில் ‘வீடு’ (1988), அடுத்து ‘சந்தியா ராகம்’ (1989). இரண்டுமே பாலுமகேந்திராவின் படங்கள், இரண்டுமே சென்னையின் நெருக்கடியான குடித்தன வாழ்க்கையைச் சொல்பவை. இரண்டிலும் அர்ச்சனா இருக்கிறார், சொக்கலிங்க பாகவதரும் இருக்கிறார். முதல் படத்தில் இறந்துபோகும் தாத்தாவாக வந்த பாகவதர் அடுத்த படத்தில் நடமாடுவதைப் பார்த்து வீட்டுக் குழந்தைகள் கேள்வி கேட்பார்கள். பதில் சொல்லத் தயாராக இருங்கள்.

புனேக்காரர்களான நமக்கு இந்தப் படங்கள் மேல் கொஞ்சம் உரிமையும் உண்டு. மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியில் பிறந்த பாலுமகேந்திரா, 1966-இல் இங்கே லா காலேஜ் ரோட்டில் உள்ள திரைப்படக் கல்லூரியில் சேர்ந்தார். பழைய பிரபாத் ஸ்டுடியோ வளாகம் அது. மூன்று வருடம் ஒளிப்பதிவு படித்துவிட்டு, தங்கப் பதக்கத்தோடு 1969-இல் வெளியேறினார். நம் ஏரவாடாவில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமலே நல் ஸ்டாப்பில் இறங்கி அந்தச் சாலைக்குப் போய்விடலாம்.

‘வீடு’ படத்தின் கதையை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். அலுவலகம் போகும் சுதா (அர்ச்சனா), அவள் தங்கை, வயதான தாத்தா. குடியிருக்கும் வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டிய நிலை. வளசரவாக்கத்தில் மனை இருக்கிறது. அதில் ஒரு பகுதியை விற்று, கடன் வாங்கி, மிச்சத்தில் ஒரு சின்ன வீடு கட்டலாம் என்று தொடங்குகிறார்கள். அவ்வளவுதான் கதை. ஆனால் வீடு கட்டியவர் எவரும் இந்தப் படத்தைச் சாய்ந்து உட்கார்ந்து பார்க்க முடியாது. பிளான் அப்ரூவலுக்கு அலைவது, கடன் மனுவோடு உட்காருவது, அஸ்திவாரம் தோண்டிய அன்றே மழை கொட்டுவது, காண்ட்ராக்டர் சிமெண்டில் கை வைப்பது என்று ஒவ்வொன்றும் நம் வீட்டில் நடந்ததுபோலவே இருக்கும். அந்தத் திருட்டை வெளியே சொல்வது யார் என்று பாருங்கள்: கட்டட வேலைக்கு வந்த கூலிப் பெண் மங்கம்மா. ‘பசி’ சத்யா நடித்திருக்கிறார். சுதாவின் படிப்பும் உத்தியோகமும் கண்டுபிடிக்காததை, சட்டி சுமக்கிறவள் கண்டுபிடிக்கிறாள்.

தமிழ் சினிமாவில் பணம் பெட்டி பெட்டியாக வரும், கோடி கோடியாக வரும். ஆயிரம் ரூபாய் குறைகிறதே என்று கதாநாயகி பேனாவும் தாளுமாக உட்கார்ந்து கணக்குப் போட்ட படங்கள் எத்தனை இருக்கின்றன? நம் வீடுகளில் சண்டையும் சமாதானமும் அந்தத் தாளின் மேல்தான் நடக்கின்றன. ‘வீடு’ அந்தத் தாளைத் திரைக்குக் கொண்டுவந்த படம். பாட்டு கிடையாது. இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ இசைத்தொகுப்பிலிருந்து பகுதிகளை எடுத்துப் பின்னணியில் பயன்படுத்தியிருக்கிறார் இயக்குநர். ஓரிரு இடங்களில் இசை காட்சியை முந்திக்கொண்டு போகிறது என்பது எங்கள் சின்ன மனத்தாங்கல். ஆனால் தாத்தா யாரிடமும் சொல்லாமல் தனியாகக் கிளம்பிப் போய், பாதி எழும்பிய சுவர்களைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கும் இடத்தில் எந்த மனத்தாங்கலும் நிற்காது. சிறந்த நடிகைக்கான தேசிய விருது அர்ச்சனாவுக்குப் போனது, சிறந்த தமிழ்ப் படத்துக்கான விருது படத்துக்கு. முடிவைச் சொல்ல மாட்டோம். ஆனால் குடிநீர் வாரியத்திலிருந்து ஒருவர் வரும்போது அடுப்படிக்குப் போய்விடாதீர்கள்.

ஏரவாடாவில் உட்கார்ந்து இந்தப் படத்தைப் பார்க்கும்போது நேதாஜி நகர் நினைவுக்கு வரும். 2009-ஐ ஒட்டிய வருடங்களில் அதைப் போன்ற நம் பகுதிக் குடிசைக் குடியிருப்புகளில், மத்திய அரசின் நகர்ப்புற ஏழைகளுக்கான திட்டத்தின் கீழ், இருந்த இடத்திலேயே வீடுகளை எழுப்பித் தந்தார்கள். வீட்டுக்கு 270 சதுர அடி. செலவில் பத்தில் ஒரு பங்கு குடும்பத்தின் கையிலிருந்து. மகிளா மிலன் அமைப்பின் பெண்களே தெருத் தெருவாகப் போய்க் கணக்கெடுத்தார்கள். கட்டடக் கலைஞர்கள் தெருவின் வளைவையும் பக்கத்து வீட்டு உறவையும் கலைக்காமல் வரைபடம் போட்டார்கள். உலகக் கட்டடக்கலைப் பத்திரிகைகளில் அந்த வீடுகளின் படங்கள் வந்தன. நமக்கு ஏரவாடா என்றதும் சிறையை மட்டும் சொல்லத்தான் தெரிகிறது. அந்தப் பத்தில் ஒரு பங்கை எங்கே புரட்டினார்கள், எந்த நகை போனது, கட்டி முடியும்வரை எங்கே தங்கினார்கள் என்று கேட்டால், அங்கே ஒவ்வொரு வாசலிலும் ஒரு ‘வீடு’ படம் இருக்கும்.

‘சந்தியா ராகம்’ வேறு கணக்கு. மனைவியை இழந்த கிராமத்துப் பெரியவர், சென்னையில் வாடகைக்கு இருக்கும் தம்பி மகன் வீட்டுக்கு வந்து சேர்கிறார். ஓவியர் வீர சந்தானம்தான் அந்த மகன். அவன் கெட்டவன் இல்லை, அவன் மனைவி கொடுமைக்காரி இல்லை. பெரியவரும் யாருக்கும் பாரமாக இருக்க நினைப்பவர் இல்லை. இடம்தான் இல்லை. சம்பளமும் போதவில்லை, அடுத்த குழந்தையும் வரப்போகிறது. ஒரு சின்னப் பிசகும் ஒரு கடுஞ்சொல்லும் போதுமானதாக இருக்கின்றன. நம் சீரியல்களில் மருமகள் வில்லியாக இருந்தால்தான் முதியோர் இல்லத்துக்கு வழி பிறக்கும். இங்கே நல்லவர்கள் மட்டுமே இருக்கும் வீட்டிலிருந்து ஒரு பெரியவர் கிளம்பிப் போகிறார். இரண்டில் எது உயர்ந்த படம் என்று எங்களைக் கேட்டால் ‘சந்தியா ராகம்’ என்றுதான் சொல்வோம். அதற்குக் குடும்ப நலம் பற்றிய சிறந்த படத்துக்கான தேசிய விருது கிடைத்தது. ‘வீடு’ தன் அம்மாவுக்கு, ‘சந்தியா ராகம்’ தன் அப்பாவுக்கு என்று பாலுமகேந்திரா சொல்லியிருக்கிறார்.

இனி வருத்தமான செய்தி. இந்த இரண்டு படங்களின் நெகட்டிவும் இப்போது இல்லை என்று 2014-இல் மறைவதற்கு முன்பு அவரே மேடைகளில் புலம்பினார். தமிழ்ப் படங்களுக்கென ஓர் ஆவணக் காப்பகம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் படித்த கல்லூரிக்குப் பக்கத்திலேயே தேசியத் திரைப்படக் காப்பகம் இருக்கிறது, 1964-இல் தொடங்கியது. பி.கே. நாயர் என்ற மனிதர் ஊர் ஊராக அலைந்து படச்சுருள்களைச் சேர்த்து வளர்த்த இடம். அவரைப் பற்றிய ‘செல்லுலாய்டு மேன்’ ஆவணப்படத்தை இன்னொரு சனிக்கிழமைக்கு எடுத்து வையுங்கள். அத்தனை பாடுபட்டுச் சேர்த்தும் 2003-இல் நேர்ந்த தீ விபத்தில் பழைய நைட்ரேட் சுருள்கள் ஏராளமாகச் சாம்பலாயின. 2022-இல் ஏறக்குறைய 2,200 படங்களைப் புதுப்பிக்க 363 கோடி ரூபாய் ஒதுக்குவதாக மத்திய அரசு அறிவித்தது. நல்ல காரியம்தான். ஆனால் மூலச் சுருளே இல்லாத படத்தை எதிலிருந்து புதுப்பிப்பது? மிஞ்சியிருக்கும் பிரதிகளைத் தேடித்தான் போக வேண்டும். ஆபீஸ்களும் ஸ்டுடியோக்களும் தொலைத்ததை, பல சமயம் டிவியிலிருந்து பதிந்து வைத்துக்கொண்ட வீடுகள் காப்பாற்றியிருக்கின்றன. காசெட்டின் தரம் படச்சுருளுக்குக் கிட்டக்கூட வராது என்பது உண்மை. ஒன்றுமே இல்லாமல் போவதற்கு அது மேல்.

ஆகவே ஒரு விண்ணப்பம். உங்கள் லாஃப்டில், கட்டிலடிப் பெட்டியில், பழைய வி.எச்.எஸ். காசெட்டுகள் கிடக்கலாம். தூர்தர்ஷனில் வந்த தமிழ்ப் படம், நாடகம், பேட்டி எதுவானாலும் சரி, பழைய சாமான் வாங்குபவரிடம் போட்டுவிடாதீர்கள். புனேயின் மழைக்கால ஈரத்தில் நாடாவின் மேல் வெள்ளைப் பூசணம் பிடிக்கும். அப்படித் தெரிந்தால் பிளேயரில் போட்டுப் பார்க்க வேண்டாம்; ஹெட்டும் கெடும், நாடாவும் அறுந்துபோகும். காசெட்டைப் படுக்க வைக்காமல் புத்தகம்போல் நிறுத்தி, காய்ந்த இடத்தில் வையுங்கள். டெக் செய்வதை உலகின் கடைசி நிறுவனமும் 2016-இல் நிறுத்திவிட்டது. ஓடுகிற நிலையில் டெக் வைத்திருப்பவர்களும் தயவுசெய்து அதைக் கொடுத்துவிடாதீர்கள்.

காசெட்டின் முதுகில் என்ன எழுதியிருக்கிறதோ அதை அப்படியே ஒரு அஞ்சலட்டையில் எழுதி எங்கள் முகவரிக்கு அனுப்புங்கள். பட்டியலை அடுத்த இதழில் வெளியிடுகிறோம். ‘வீடு’, ‘சந்தியா ராகம்’ பார்த்துவிட்டு உங்கள் வீட்டில் நடந்த வாக்குவாதத்தையும் மறக்காமல் எழுதுங்கள். மாமியார் ஒரு கட்சி, மருமகள் ஒரு கட்சி என்று வரும் கடிதங்களுக்குத்தான் முதலிடம்.

அன்புடன்,
ஆசிரியர்