மணி அடிக்கிறது, ஆள் எங்கே?

"ஆய்வாளர் வருகிறார்!"

பள்ளிக்கூடம் ஒன்றைத் தலைகீழாக்க இந்த இரண்டே சொற்கள் போதும். ஆசிரியத் தொழிலில் இருக்கும் நாம் அந்தக் காட்சியைக் கண்டிருக்கிறோம். ஒட்டடை அடிக்கப்படும். பூட்டிக் கிடந்த அறிவியல் அறை திறக்கப்படும். பாடக்குறிப்பு ஏடுகளில் விட்டுப்போன தேதிகளெல்லாம் ஒரே இரவில் நிரப்பப்படும். ஐந்து ஆசிரியர் இருக்க வேண்டிய இடத்தில் மூவரே இருப்பது கண்ணில் படாதிருக்க, இரு வகுப்புகளுக்கும் நடுவே நாற்காலி போட்டு ஒருவரே அமர்வார். ஆய்வாளர் வருவார், ஏட்டைப் புரட்டுவார், கையெழுத்திடுவார், போய்விடுவார். 'எல்லாம் முறைப்படி உள்ளன' என்ற குறிப்பு எஞ்சி நிற்கும். மறுநாள் காலை மணி அடிக்கும். பிள்ளைகள் வருவர். ஆசிரியர் மட்டும் அதே மூவர்!

பள்ளியில் இந்தக் கூத்து நடந்தால் பிள்ளை ஒரு பாடத்தை இழப்பான். அடுத்த ஆண்டு முயன்று பெறவும் கூடும். எண்பத்தைந்து வயது மூதாட்டி ஒருத்தி இருக்கிறாள், எழுந்து நடக்க இயலாள், நா வறள்கிறது, தலைமாட்டில் இருக்கும் மணியை அழுத்துகிறாள். ஆள் வரவில்லை. மீண்டும் அழுத்துகிறாள். ஆள் வரவில்லை. அவளுக்கு 'அடுத்த ஆண்டு' என்று ஒன்று உண்டா?

அந்த மணியைப் பற்றித்தான் எழுதுகிறோம். அது ஒலிப்பது இங்கிலாந்து நாட்டு முதியோர் இல்லங்களில். கடல் கடந்த கதை நமக்கெதற்கு என்று கேட்கலாம். காரணம் இரண்டு. முதியோர் இல்லங்களைச் சோதிப்பதற்கென்றே சட்டமும் ஆணையமும் படைத்த நாடு அது. அங்கே சோதனை எங்கே தோற்றது என்று பார்த்தால், சோதனை என்றால் என்ன என்பது நமக்கு விளங்கும். மற்றொன்று, அந்த மூதாட்டியைத் தூக்கி நிறுத்தும் கைகளில் நம் நாட்டுப் பிள்ளைகளின் கைகளும் உண்டு.

மேற்கு சஸ்ஸெக்ஸ் பகுதியில் காப்தோர்ன் என்றோர் ஊர். அங்கே 2009-இல் திறக்கப்பட்டது ஓர் இல்லம். பெயர் ஆர்க்கிட் வியூ. ஆர்க்கிட் மலரின் பெயர் தாங்கிய மாளிகை! புதுக் கட்டடம், பளபளக்கும் கூடம், பார்த்தவர் விடுதியோ என்று வியக்கும் தோற்றம். 2010-இல் பராமரிப்புத் தர ஆணையம் அதற்கு வழங்கிய தரம் 'நன்று.' பெற்றோரை அங்கே சேர்த்த பிள்ளைகள் அந்த ஒரு சொல்லை நம்பினர்.

நன்றாகத்தான் இருந்தது, கட்டடம்! உள்ளே இருந்த உயிர்களின் நிலை என்ன? 2011-இல் இல்லத்தின் அலுவலகப் பணியாளர் ஒருவர் உண்மையை வெளியே சொன்னார். ஒரே இரவில் மருந்து கொடுத்ததில் 28 பிழைகள். அதை மறைக்கப் பதிவேடுகளைக் கிழிக்குமாறு கட்டளை. அவ்வாண்டு அக்டோபரில் இல்லம் மூடப்பட்டது. 2013 அக்டோபரில் மரண விசாரணை முடிந்தபோது வெளிவந்த உண்மை நெஞ்சை உலுக்குவது: 19 முதியவர்களுக்குக் கிடைத்த பராமரிப்பு தரம் தாழ்ந்தது, அவர்களுள் ஐவரின் சாவுக்குப் புறக்கணிப்பும் ஒரு காரணம். நிர்வாகம் சீர்கெட்டிருந்தது, ஆள் போதவில்லை, அழைப்பு மணிக்கு நெடுநேரம் விடை இல்லை என்று விசாரணை அதிகாரி கண்டார்.

மணி அடித்தது, ஆள் இல்லை! ஆனால் சான்றிதழ் இருந்தது.

அந்த மாளிகையின் உடைமையாளர் யார் தெரியுமா? சதர்ன் கிராஸ் என்னும் நிறுவனம். சுமார் 750 இல்லங்கள், ஏறத்தாழ 31,000 முதியவர்கள். நாட்டிலேயே மிகப் பெரியது. இல்லக் கட்டடங்களை விற்றுப் பணமாக்கிவிட்டு, அவற்றிலேயே வாடகைக்கு இருந்து தொழில் நடத்தும் தந்திரம் அதனுடையது. வாடகை ஆண்டுதோறும் ஏறிற்று, வருவாய் ஏறவில்லை, 2011-இல் அது சரிந்தது. வாடகையைக் குறைத்தால் கட்டடக்காரர் வழக்குத் தொடுப்பார். வட்டியைக் குறைத்தால் கடன் தந்தவர் கழுத்தைப் பிடிப்பார். இரவுப் பணிக்கு வரும் ஊழியரில் ஒருவரைக் குறைத்தால் கேட்பவர் யார்? படுத்த படுக்கையாய்க் கிடக்கும் பாட்டியா கேட்பாள்? முதலாளியின் கணக்கில் முதலில் வெட்டு விழும் இடம் எது என்று புரிகிறதா, தோழர்களே! அவள் சார்பில் கேட்பதற்காகத்தான் சோதனை என்ற ஏற்பாடே. அந்தச் சோதனை கூடத்தைப் பார்த்து 'நன்று' என்று எழுதிவிட்டுப் போனால், அவளுக்கு வேறு யார் துணை?

இத்தனைக்கும் பிறகு இங்கிலாந்து விதிகளைத் திருத்தி எழுதிற்று. 2014-ஆம் ஆண்டு விதிகள் முழுமையாக நடைமுறைக்கு வந்தது 2015 ஏப்ரலில். அவற்றுள் இரண்டை நாம் கவனிக்க வேண்டும். 18-ஆம் விதி ஊழியர் எண்ணிக்கை பற்றியது. 19-ஆம் விதி ஆள்சேர்ப்பு பற்றியது.

18-ஆம் விதி சொல்வதென்ன? தகுதியும் திறமையும் பட்டறிவும் உடைய ஊழியர் 'போதுமான' அளவில் இருக்க வேண்டும். போதுமான! எவ்வளவு அழகான சொல்! பத்து முதியவர்க்கு எத்தனை பேர்? இரவில் எத்தனை பேர்? விதியில் எண் இல்லை. முதியவர் எவ்வளவு தளர்ந்திருக்கிறார், அவருக்கு எவ்வளவு உதவி வேண்டும் என்பதைக் கணித்து, இல்லத்தை நடத்துபவரே எண்ணைத் தீர்மானிக்கலாம். விதியின் நோக்கம் நல்லதே. இல்லத்துக்கு இல்லம் தேவை மாறும் என்பதும் உண்மையே. ஆனால் அளவுகோலை யார் கையில் கொடுத்தார்கள் என்று பாருங்கள்! துணி விற்பவனிடமே முழக்கோலைச் செதுக்கிக்கொள்ளச் சொன்னால், முழம் நீளுமா, குறுகுமா?

19-ஆம் விதிக்கு வருவோம். வேலைக்கு வருபவரின் அடையாளச் சான்று, குற்றப் பதிவு பற்றிய சான்று, முன்பு வேலை பார்த்த இடத்து நடத்தைச் சான்று, அவ்விடத்தை விட்டு விலகிய காரணம், இதுவரை செய்த வேலைகளின் முழு வரலாறு, அவ்வரலாற்றில் இடைவெளி இருந்தால் எழுத்து மூலமான விளக்கம் - இத்தனையும் வேண்டும். இதை நாம் குறை கூறோம். தம்மைக் காத்துக்கொள்ள இயலாதவர்களிடம் செல்பவர் யார் என்று அறிவது கட்டாயம், கேட்கத்தான் வேண்டும்.

ஆனால், ஊழியரை நோக்கித் திரும்பிய அந்தக் கூரிய பார்வை, அவரை வேலைக்கு எடுப்பவரை நோக்கி ஏன் திரும்பவில்லை? அதுதான் நமது கேள்வி.

2021-22-இல் இங்கிலாந்தின் பராமரிப்புத் துறையில் சுமார் 1,65,000 இடங்கள் காலி. கூலியோ, சட்டம் விதித்த மிகக் குறைந்த அளவை ஒட்டியது; ஐந்தாண்டு அனுபவம் உடையவர் நேற்று வந்தவரைவிடச் சில பென்னிகளே கூடுதலாகப் பெறும் தொழில். உள்நாட்டார் விலகினர். 2022 பிப்ரவரியில் வெளிநாட்டாருக்குக் கதவு திறந்தது. இந்தியா, நைஜீரியா, ஜிம்பாப்வே முதலிய நாடுகளிலிருந்து ஆயிரமாயிரமாய்ச் சென்றனர். தரகர்கள் தழைத்தனர். நிலத்தை விற்றும் நகையை அடகு வைத்தும் பணம் கட்டியவர் பலர்.

அவர்கள் விமானம் ஏறிச் சென்ற இடத்தில் இருந்தது என்ன? 2024 மார்ச்சில் வெளியான எல்லைத் துறைத் தலைமை ஆய்வாளரின் அறிக்கை கூறுகிறது: இல்லவே இல்லாத முதியோர் இல்லம் ஒன்றின் பெயருக்கு 275 வேலைச் சான்றுகள் வழங்கப்பட்டிருந்தன! உரிமம் பெற்றபோது தன்னிடம் நான்கே ஊழியர் இருப்பதாகச் சொன்ன நிறுவனத்துக்கு 1,234 சான்றுகள்! வேலை தேடி வந்த ஏழைப் பெண்ணிடம், இரண்டு திங்கள் எங்கே இருந்தாய் என்று விளக்கம் கேட்கிறது சட்டம். வேலை தருவதாகச் சொன்னவரிடம், ஐயா, உமது இல்லம் எங்கே இருக்கிறது என்று கேட்க மறந்தது அரசு!

மோசடி பெருகியதும் உரிமங்கள் பறிக்கப்பட்டன. ஏமாற்றிய முதலாளியோடு ஏமாந்த ஊழியரும் தெருவுக்கு வந்தனர். 2025 ஜூலை 22-ஆம் நாள் வெளிநாட்டிலிருந்து புதிதாய் ஆள் எடுக்கும் வழியையே மூடிவிட்டார்கள். கதவு மூடிற்று, கடன் மூடவில்லை. கடனில் மூழ்கிய ஊழியர் அநீதியைக் கண்டால் வாய் திறப்பாரா? வேலை போனால் நாட்டை விட்டே போக நேரும் என்று அஞ்சுபவர், ஆய்வாளர் வந்து கேட்கும்போது, "இரவில் நான் ஒருத்திதான் இருக்கிறேன்" என்று சொல்வாரா? ஊழியரை அடிமையாக்கினால் முதியவர் அனாதையாவார். ஆள்சேர்ப்பைச் சோதிப்பதும் முதியவரைக் காப்பதும் ஒரே வேலை, இரண்டல்ல.

சோதிக்கும் ஆணையமே சோதிக்கப்பட்ட கதையும் உண்டு. 2024-இல் டாக்டர் பென்னி டாஷ் நடத்திய ஆய்வில் வெளிப்பட்டவை: ஆணையத்தின் அதிகாரத்துக்குட்பட்ட இடங்களில் ஐந்தில் ஒன்று ஒருபோதும் தரம் பெற்றதில்லை. ஓராண்டில் நடந்த சோதனைகள், பெருந்தொற்றுக்கு முன் நடந்தவற்றில் பாதி அளவுக்கும் வரவில்லை. பராமரிப்பு இல்லங்களைச் சோதிக்கும் ஆய்வாளர் ஒருவர், டிமென்ஷியா என்னும் மறதி நோயுள்ள ஒருவரை வாழ்நாளில் சந்தித்ததே இல்லை! அந்த ஜூலை மாதமே பொறுப்பேற்ற சுகாதார அமைச்சர் வெஸ் ஸ்ட்ரீட்டிங், ஆணையம் தன் பணிக்கே தகுதியற்றிருக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னார்.

பெற்ற தரத்தை வருவோர் காணும்படி இல்லத்தில் மாட்டிவைக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். மாட்டிவைக்கிறார்கள். 2015-இல் எழுதிய தரம் 2024-இலும் தொங்கியதை அந்த ஆய்வு கண்டது. அன்று இருந்த மேலாளர் போயிருப்பார், ஊழியர் மாறியிருப்பர், படுக்கையில் இருந்தவர் மறைந்திருப்பார், சுவரில் அந்தச் சொல் மட்டும் வாழ்கிறது! ஆராயாமல் நம்புவது மூடத்தனம் என்றால், அரசு முத்திரை குத்திய தாளை ஆராயாமல் நம்புவது மட்டும் அறிவுடைமையா?

இனி எதிர்வாதத்துக்கு வருவோம். "எண்ணிக்கையைச் சட்டத்தில் எழுதினால் இல்லங்கள் மூடப்படும், முதியோர் தெருவில் நிற்பர்" என்கிறார்கள். எளிதில் ஒதுக்கக்கூடிய வாதமன்று இது. ஆள் பஞ்சம் உண்மை. உள்ளாட்சி தரும் பணம் போதவில்லை என்பதும் உண்மை. ஆனால் அது கூலியை உயர்த்தவும் பணத்தைக் கூட்டவும் சொல்லும் காரணமே தவிர, பாட்டியின் மணியை ஊமையாக்கச் சொல்லும் காரணம் ஆகாது. பாலம் கட்டக் கம்பி போதவில்லை என்றால் கம்பி தேடுவார்களா, கம்பியில்லாமலே கட்டிவிட்டு 'நன்று' என்று பலகை மாட்டுவார்களா?

எண்ணை எழுத முடியாது என்போர் ஆஸ்திரேலியாவைப் பார்க்கட்டும். அங்கே 2018-இல் அமைத்த அரச ஆணையம் 2021-இல் தன் இறுதி அறிக்கையைத் தந்தது. அதன்பின், 2023 ஜூலை முதல் முதியோர் இல்லத்தில் இரவும் பகலும் பதிவுபெற்ற செவிலியர் ஒருவர் இருக்க வேண்டும் என்று விதித்தார்கள். 2023 அக்டோபர் முதல் ஒரு முதியவருக்கு நாளொன்றுக்குச் சராசரி 200 நிமிடப் பராமரிப்பு; 2024 அக்டோபர் முதல் அது 215 நிமிடம்; அதில் 44 நிமிடம் பதிவுபெற்ற செவிலியருடையது. எல்லா இல்லங்களும் அந்த அளவை எட்டிவிடவில்லை. ஆனால் எட்டாதது தெரிகிறது! 'போதுமான' என்ற சொல்லில் குறைவை ஒளிக்கலாம்; 215 என்ற எண்ணில் ஒளிக்க முடியாது.

ஆகவே நாம் கேட்பது பெரிதன்று. எத்தனை நிமிடம், எத்தனை கை என்பதைச் சட்டத்தில் எண்ணால் எழுதுங்கள். தரத்துக்கு நாள் குறியுங்கள். நாள் கடந்த தரத்தைச் சுவரிலிருந்து இறக்குங்கள். ஆய்வாளர் பகலில் ஏட்டைப் பார்க்கட்டும்; இரவு இரண்டு மணிக்கு வந்து அந்த மணியையும் அழுத்திப் பார்க்கட்டும். ஊழியரை முதலாளி இல்லாத இடத்தில் தனியே கேளுங்கள். உண்மை சொன்னவரின் வேலைக்கும் வாழ்வுக்கும் காவல் தாருங்கள். ஆள் எடுப்பவரையும் அவர்தம் தரகரையும், ஆளைச் சோதிக்கும் அதே கூர்மையோடு சோதியுங்கள்.

நாளைக் காலை நமது பள்ளியில் மணி அடிக்கும். நூறு கால்கள் ஓடி வரும். பிள்ளைப் பருவத்து மணிக்கு ஊரே எழுகிறது. அதே மனிதர் எண்பது ஆண்டு உழைத்து, பிள்ளை பெற்று, வரி கொடுத்து, ஓய்ந்து படுத்தபின் அழுத்தும் மணிக்கு, இரண்டு கால்கள் வர வேண்டாமா?

ஏடு விடை சொல்லாது. ஆள் வர வேண்டும்!