இரண்டாவது திட்டத்தின் கணக்கைச் சொல்லிவிட்டு மூன்றாவதை எழுதுங்கள்

சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் தலைவருக்கும், உறுப்பினர் செயலருக்கும், திட்டம் வரையும் அலுவலர்கள் அனைவருக்கும்:

2024 அக்டோபரில் பெருமழை எச்சரிக்கை வந்த அன்று வேளச்சேரியில் நடந்தது உங்கள் நினைவில் இருக்கும். முதல் தூறலுக்கு முன்பே மக்கள் கார்களைக் கொண்டுவந்து மேம்பாலத்தின் ஓரமாக வரிசைகட்டி நிறுத்திவிட்டு, குடையோடு வீட்டுக்கு நடந்தார்கள். அபராதம் விழும் என்ற பேச்சு எழுந்தபோதும் பலர் வண்டியை எடுக்கவில்லை. 2015 டிசம்பரில் தங்கள் பகுதி மூழ்கியதையும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் மூழ்கியதையும் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள். தண்ணீர் எதுவரை ஏறும் என்பது அவர்களுக்குத் தெரியும். தங்களைக் காப்பாற்ற வேறு ஏற்பாடு இல்லை என்பதும் தெரியும். அதனால் பாலத்தில் ஏறினார்கள்.

நான் வேளச்சேரிவாசி. அந்தப் பாலத்தை மனதில் வைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.

2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த இரண்டாவது முழுமைத் திட்டத்தின் காலம் 2026-ஓடு முடிகிறது. 2027 முதல் 2046 வரைக்குமான மூன்றாவது திட்டம் உங்கள் கையில் உருவாகிக்கொண்டிருக்கிறது. அதற்கான தொலைநோக்கை வகுக்க மக்களிடம் கருத்தும் கேட்டீர்கள். அதை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் என் கோரிக்கை வேறு. மூன்றாவது திட்டத்துக்கு இறுதி வடிவம் கொடுக்கும் முன், இரண்டாவது திட்டம் என்னவாயிற்று என்று ஊருக்குக் கணக்குச் சொல்லுங்கள்.

இரண்டாவது திட்டமும் ஒரு தொலைநோக்கோடுதான் வந்தது. வாழத் தகுந்த, பொருளாதாரம் செழித்த, சுற்றுச்சூழல் கெடாத, வருங்காலத் தலைமுறைக்கு நல்ல சொத்துகளை விட்டுச்செல்லும் பெருநகரமாகச் சென்னையை ஆக்குவது என்பது அதன் சாரம். இதை மறுப்பவர் யாரும் இருக்க மாட்டார்கள். அதேபோல, இது நிறைவேறியதா இல்லையா என்று அடித்துச் சொல்லவும் யாராலும் முடியாது. எல்லாரும் தலையாட்டும்படி எழுதப்பட்ட வாசகத்தை வைத்துக்கொண்டு யாரிடமும் எதையும் கேட்க முடிவதில்லை. மூன்றாவது திட்டத்திலும் இப்படி ஒரு வாசகம் இடம்பெற்றுவிடுமோ என்பதுதான் என் அச்சம்.

பள்ளிக்கரணையை எடுத்துக்கொள்வோம். தென்சென்னைச் சுற்றுவட்டாரத்து ஏரிகள் நிரம்பி வழிந்தால் உபரிநீர் வந்து சேரும் இடம் அது. அங்கே தங்கி, மெல்ல நகர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயைப் பிடித்து, கோவளத்தில் கடலில் கலக்கும். ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடந்த சதுப்பு நிலம் என்கிறார்கள். அதில் ஒரு சிறு பங்குதான் இன்று மிச்சம். பெருங்குடிக் குப்பைமேடு ஒரு பக்கம், பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடங்கள் ஒரு பக்கம், நடுவே சாலைகள், ரயில்பாதை, அரசே எழுப்பிய நிறுவனங்கள் என்று அதை மென்று தின்றது ஒரு வாய் அல்ல. 2022-இல் 1,247 ஹெக்டேர் பரப்புக்கு ஈரநிலங்களுக்கான ராம்சர் தகுதி கிடைத்தபோது நாம் எல்லாரும் மகிழ்ந்தோம். அது மிஞ்சியதற்குக் கிடைத்த பாதுகாப்பு. போனதற்கு யார் பதில் சொல்வது?

2008-இல் நீங்கள் வெளியிட்ட வரைபடத்தில் சதுப்பு நிலம் எத்தனை ஹெக்டேர்? செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதி எத்தனை ஹெக்டேர்? தெற்குக் கடற்கரையோரம் நிலத்தடி நீர் ஊறும் மணற்பகுதி என்று குறித்தது எவ்வளவு? அவற்றில் இன்றைக்குக் கட்டடம் ஏறாமல் இருப்பது எவ்வளவு? நிலப்பயன் மாற்றம் கேட்டு வந்த விண்ணப்பங்கள் எத்தனை, அனுமதித்தவை எத்தனை, அவற்றில் நீர்வழிக்கு அருகில் இருப்பவை எவை? இதற்கெல்லாம் புதிதாக ஆய்வு எதுவும் தேவையில்லை. பதில் உங்கள் கோப்புகளில் இருக்கிறது. நாளிதழின் மூலையில் பொடி எழுத்தில் ஒவ்வொன்றாக வந்துபோன அறிவிப்புகளை ஒரே வரைபடத்தில் ஒட்டிக் காட்டினால் போதும். பதினெட்டு ஆண்டுகளில் இந்த நகரம் எப்படித் தன் திட்டத்தைத் தானே திருத்திக்கொண்டது என்பது பள்ளிப் பிள்ளைக்கும் புரிந்துவிடும்.

நீருக்கு இத்தனை அழுத்தம் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்யும் ஊர் இது. 2015-இல் மூழ்கிய அதே ஊருக்கு, 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நீர்த்தேக்கங்கள் நான்கும் தரைதட்டிக் கிடந்தன. குடத்தை வரிசையில் வைத்துவிட்டு மெட்ரோ தண்ணீர் லாரிக்காக நள்ளிரவில் விழித்திருந்த பெண்களைக் கேளுங்கள், இந்த ஊருக்கு என்ன தொலைநோக்கு வேண்டும் என்று. அவர்கள் பெரிய சொற்களில் பேச மாட்டார்கள். நுங்கம்பாக்கத்தில் லேக் ஏரியா இருக்கிறது, மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, ஏரிகளைத்தான் காணோம். அடுத்த இருபது ஆண்டுகளில் இன்னொரு தெருவுக்கு இப்படிப் பெயர் வைக்கும் நிலை வரக் கூடாது.

இந்த ஊர் மக்கள் இலக்குகளை மதிக்காதவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று அரசு அறிவித்தது. கெடுவும் வைத்தது. மாடியில் விழும் தண்ணீர் தெருவுக்கு ஓடக் கூடாது, மண்ணுக்குள் இறங்க வேண்டும் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடக்கூடிய இலக்கு அது. கொத்தனாருக்கும் புரிந்தது, வீட்டுக்காரம்மாவுக்கும் புரிந்தது. தெருத்தெருவாகக் குழி தோண்டினார்கள், குழாய் இறக்கினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் கிணறுகளில் நீர்மட்டம் உயர்ந்ததைப் பலர் கண்டார்கள். ஆனால் அந்தக் குழிகளை வருடத்துக்கு ஒருமுறை தூர்வாரினார்களா என்று யாரும் வந்து பார்க்கவில்லை. மணல் அடைந்து, மேலே சிமென்ட் பூசி, அந்த இடத்தில் பைக் நிறுத்தும் வீடுகளை எங்கள் தெருவிலேயே காட்ட முடியும். கெடு வைத்தபோது ஓடிய ஊர், கேட்பதை நிறுத்தியதும் மறந்துபோனது.

ஆண்டு குறித்தும் எட்டாமல் போன இலக்கும் உண்டு. 2014-இல் சென்னை மாநகராட்சி நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் என்று ஒரு கொள்கையை ஏற்றது. நாட்டிலேயே முன்னோடி என்று பேசப்பட்டது. பெரும்பாலான தெருக்களுக்கு நடைபாதை வேண்டும், பாதசாரியும் சைக்கிள்காரரும் சாலையில் சாகும் நிலை ஒழிய வேண்டும் என்பதெல்லாம் அதன் இலக்குகள். 2018 என்று ஆண்டும் குறித்திருந்தார்கள். அந்த ஆண்டு வந்தது, போனது. பாண்டி பஜார் போன்ற சில இடங்களில் நடைபாதை அழகாக அமைந்தது உண்மை. ஆனால் இலக்கு எட்டப்படவில்லை என்பதை அறிய அறிக்கை எதுவும் வேண்டாம், மாலை ஆறு மணிக்கு எந்தப் பேருந்துச் சாலையிலும் பத்து நிமிடம் நடந்தால் போதும். ஏன் எட்டவில்லை? பணமா, இடமா, மின்வாரியப் பெட்டிகளா, நடைபாதைக் கடைகளா, ஒப்பந்தமா? தவறிப்போன இலக்கைப் பற்றி நேர்மையாக எழுதப்பட்ட பத்துப் பக்கம் இந்த ஊருக்கு ஒரு புதிய கொள்கையைவிட அதிகம் உதவியிருக்கும்.

நல்ல கணக்கும் உங்களிடம் இருக்கிறது, அதையும் சொல்லுங்கள். ஜார்ஜ் டவுனில் கொத்தவால் சாவடி எப்படி நெரிந்து கிடந்தது என்பது ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அழுகிய காய்கறிச் சேற்றில் கைவண்டியும் லாரியும் மாடும் மனிதரும் ஒன்றாக நகர்ந்த சந்து அது. மொத்த வியாபாரத்தை ஊருக்கு வெளியே கொண்டுபோகும் எண்ணம் முதல் முழுமைத் திட்டத்தின் காலத்தில் பிறந்தது. கோயம்பேட்டில் நிலம் எடுத்து, வியாபாரிகளிடம் பேசி, எதிர்ப்பைச் சமாளித்து, 1996-இல் சந்தையைத் திறந்தீர்கள். 2002-இல் அதற்குப் பக்கத்திலேயே பேருந்து நிலையம் வந்தது. எத்தனையோ அரசுகள் மாறின, அதிகாரிகள் மாறினார்கள், ஆனாலும் இலக்கு மாறவில்லை. நீண்டகாலத் திட்டம் என்றால் என்ன என்று இந்த ஊருக்குக் காட்டியதும் உங்கள் குழுமம்தான்.

அதே குழுமத்தின் காலத்தில்தான் வரன்முறையும் வந்தது. 1998-இல் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-அ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, விதியை மீறிக் கட்டியவர்கள் பணம் கட்டிச் சரிசெய்துகொள்ளலாம், இந்த ஒருமுறை மட்டும் என்றார்கள். அந்த ஒருமுறை 2000, 2001, 2002 என்று நீண்டுகொண்டே போனது. பின்னர் 113-இ என்று இன்னொரு பிரிவும் வந்தது. விதிப்படி பக்கவாட்டில் இடம் விட்டுக் கட்டிய நடுத்தரக் குடும்பத்துக்காரர், விடாமல் கட்டிய பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்து, நான்தான் ஏமாளி என்று நினைத்திருப்பார். ஒரு நகரத்தின் பொதுக்கனவு உடைவது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். திட்டத்தை மதித்தவனுக்கு நஷ்டம் என்று ஆனபின், அடுத்த திட்டத்தை அவன் எதற்காகப் படிப்பான்? மூன்றாவது திட்டத்தின் காலம் முழுவதும் இன்னொரு வரன்முறை வராது என்ற உறுதியை அதன் முதல் பக்கத்தில் எழுதுங்கள். முடியாது என்றால், ஏன் முடியாது என்பதையாவது எழுதுங்கள்.

இனி, யாருடைய கனவு என்ற கேள்வி. கூவம், அடையாறு கரைகளில் குடியிருந்தவர்களை, அங்கே வெள்ள அபாயம் என்று சொல்லிக் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பினோம். செம்மஞ்சேரியிலும் வெள்ளம் வந்தது, ஒருமுறை அல்ல, பலமுறை. மயிலாப்பூரிலும் சிந்தாதிரிப்பேட்டையிலும் வீட்டுவேலை செய்துகொண்டிருந்த பெண்கள் விடியும் முன் பஸ் பிடித்து அதே வீடுகளுக்கு வருகிறார்கள், அல்லது வேலையை விட்டுவிட்டார்கள். நகரம் எங்கே வளர வேண்டும், யார் எங்கே வாழ வேண்டும் என்று முடிவெடுத்த மேசையில் அவர்களுக்கு நாற்காலி இருந்ததில்லை. எண்ணூர் முகத்துவாரத்தில் வலை வீசுகிறவருக்கும் இருந்ததில்லை. இணையப் படிவத்தை நிரப்பத் தெரிந்தவர்களின் விருப்பம் மட்டுமே ஊரின் விருப்பம் ஆகிவிடாது.

இதற்கு வழி ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது. அரசமைப்பின் 74-ஆவது திருத்தம் வார்டு குழுக்களைப் பற்றிப் பேசுகிறது. பெருநகரத் திட்டக் குழுவில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கினர், தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிப் பிரதிநிதிகள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் 2022-இல் வார்டு குழுவுக்கும் ஏரியா சபைக்கும் விதிகள் வந்து, அந்த ஆண்டு நவம்பரில் முதல் சபைகளும் கூடின. தெருவிளக்கும் குப்பைத்தொட்டியும் பேசப்படும் அந்தச் சபைகளில் முழுமைத் திட்டத்தையும் பேச வையுங்கள். அந்தந்த வார்டின் வரைபடத்தை ஒரு பிளெக்ஸில் அச்சடித்து மாட்டி, இது ஏரி, இது வரத்துக்கால்வாய், இது இருபது ஆண்டுகளுக்கு எதுவும் கட்டக் கூடாத இடம், இது பள்ளிக்கூடத்துக்கு ஒதுக்கியது என்று தமிழில் விளக்குங்கள். எழும்பூரில் உங்கள் அலுவலகம் இருக்கும் கட்டடத்துக்குத் தாளமுத்து நடராசன் மாளிகை என்று பெயர். மொழிக்காகச் சிறை சென்று உயிர்விட்ட இருவரின் பெயரைத் தாங்கிய வாசலிலிருந்து வெளிவரும் திட்டம் முழுவதையும், சுருக்கத்தை மட்டுமல்ல, தமிழில் படிக்க ஆசைப்படுவது அதிகமில்லை.

இன்னும் இரண்டு விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். 2021-இல் நடக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அந்த ஆண்டில் நடக்கவில்லை. இரண்டாவது திட்டம் 2026-இல் பெருநகரில் ஒன்றேகால் கோடிப் பேர் இருப்பார்கள் என்று கணித்தது. அந்தக் கணிப்பு எங்கே சரி, எங்கே பிசகு என்று சொல்லாமல் 2046-க்கு ஓர் எண்ணை எழுதினால் அதை நம்புவது கடினம். மற்றொன்று, 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த பெருநகர எல்லையை 2022 அக்டோபரில் 5,904 சதுர கிலோமீட்டராக விரித்தாயிற்று. ஏரி மாவட்டம் என்று பெயர்பெற்ற பழைய செங்கற்பட்டின் பெரும்பகுதி அதற்குள் வந்துவிட்டது. பள்ளிக்கரணைக்கு நேர்ந்தது அந்த ஏரிகளுக்கும் நேர வேண்டியதில்லை. அங்கே கலங்கலும் மதகும் இன்னும் வேலை செய்கின்றன, ஆயக்கட்டில் நெல் விளைகிறது, பாசன முறை வைத்துத் தண்ணீர் பங்கிட்ட பெரியவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். ஒரு பிளாட் போடும் முன் அவர்களிடம் போய் உட்காருங்கள்.

மூன்றாவது திட்டத்தில் நூறு இலக்குகள் வேண்டாம். எண்ணில் சொல்லக்கூடிய, ஆண்டு குறித்த, எந்த அலுவலகம் பொறுப்பு என்று பெயர் போட்ட பத்து இலக்குகள் போதும். ஒவ்வோர் ஆண்டும் வடகிழக்குப் பருவமழைக்கு முன், அக்டோபர் முதல் வாரத்தில், ஒவ்வொரு வார்டிலும் அந்தப் பத்தின் நிலையை வாசியுங்கள். எட்டியதை எட்டினோம் என்றும் தவறியதைத் தவறினோம் என்றும் சொல்லுங்கள். தவறியதற்காக ஊர் உங்கள்மேல் கோபப்படும். அந்தக் கோபத்துக்கு இடம் கொடுங்கள், ஊர் உங்களோடு வரும்.

இந்த ஆண்டு மழை தொடங்கும் முன், 2008-இல் குறித்த நீர்நிலைகள் இன்று எந்த நிலையில் இருக்கின்றன என்ற ஒரு பக்கக் கணக்கையாவது வெளியிடுங்கள். வேளச்சேரி மேம்பாலத்தில் கார் நிறுத்தியவர்கள் அதற்காகக் காத்திருக்கிறார்கள்.