பிள்ளைகளின் பேனா யார் கையில்?

கொடைக்கானல் மலைச்சரிவில் இருக்கிறது வெள்ளகவி. வட்டக்கானலிலிருந்து இறங்கினாலும் கும்பக்கரையிலிருந்து ஏறினாலும், நெடுங்காலம் அந்த ஜனங்களுக்கு ஒற்றையடிப் பாதையே கதி. நோயாளியை டோலி கட்டித் தூக்கிச் சென்ற ஊர் அது. சாலை வேண்டுமென்று மனுக் கொடுத்து அலுத்த ஊர் அது.

அந்த மனுவை இன்று ஒரு யந்திரம் ஒரு நிமிஷத்தில் எழுதித் தரும். பிழை இருக்காது. ஆனால், டோலிக் கம்பு தோளை அறுத்த கதையும் அதில் இருக்காது. அதைச் சுமந்தவன்தான் சொல்ல வேண்டும்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி என்ற செயற்கை நுண்ணறிவுச் சாதனம் வெளிவந்தது. உயர்நிலைப்பள்ளி மாணவன் கைப்பேசியில் தலைப்பைச் சொன்னால் போதும், கட்டுரை வந்து விடுகிறது. அதைப் பார்த்து நோட்டில் எழுதிவிடலாம். ஆனால் பத்தாம் வகுப்புப் பரீட்சை மண்டபத்தில் கைப்பேசி கிடையாது. அங்கே பேனா நின்றுவிட்டால் யார் பொறுப்பு? பணக்காரன் பிள்ளைக்குத் தனி வாத்தியார் உண்டு. கூலிக்காரன் பிள்ளைக்கு யார் உண்டு?

நாம் யந்திரத்துக்கு விரோதிகள் அல்ல. வீட்டில் சொல்லித்தர ஆளில்லாத பிள்ளை தன் சந்தேகத்தை அதனிடம் கேட்டுத் தெளியலாம். ஆனால் மில் தொழிலாளிக்குத் தெரியும்: யந்திரம் யாருடையது என்பதே கேள்வி. இதன் சொந்தக்காரர்கள் அமெரிக்கக் கம்பெனிகள். அது ஆபாசம் பேசாதிருக்க, கொடூரமான வாசகங்களை நாள் முழுதும் படித்துத் தரம் பிரித்தவர்கள் கென்யா நாட்டுத் தொழிலாளிகள். அவர்களுக்குக் கிடைத்த கூலி மணிக்கு 2 டாலருக்கும் குறைவு என்பதை 2023 ஜனவரியில் 'டைம்' பத்திரிகை அம்பலப்படுத்தியது.

எழுத்து நமக்கு அலங்காரம் அல்ல, ஆயுதம். 1991ல் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் கல்லுடைக்கும் பெண்கள் கைநாட்டை விட்டுக் கையெழுத்துக்கு வந்தார்கள். அப்படிப் பெற்றதை அவர்கள் பேரப்பிள்ளைகள் யந்திரத்திடம் அடகு வைப்பதா?

சர்க்காரிடம் கோருகிறோம்: மலைக் கிராமங்கள் உட்பட எல்லாப் பள்ளிகளிலும் காலியிடங்களை நிரப்பு! ஊர்தோறும் நூலகம் கொடு! வகுப்பறையிலேயே, பிள்ளை தன் ஊரைப் பற்றித் தானே கட்டுரை எழுதட்டும், வாத்தியார் திருத்தட்டும். யந்திரம் அதற்குப் பிறகு வரட்டும்.

தோழர்களே! இன்றிரவே உங்கள் பிள்ளையை உட்கார வைத்து, உங்கள் கூலிக் கணக்கையும் கோரிக்கையையும் எழுதச் சொல்லுங்கள். பிழை இருந்தால் இருக்கட்டும். அது நம் எழுத்து.